காணாமல் போன இரண்டு வரி

"யாரு செஞ்சாங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாங்க. அந்த மதன்குமார் செய்யலைன்னு மட்டும் நிரூபிச்சுக் குடுத்துப்போடுங்க. சாயங்காலத்துக்குள்ள வேணுமுங்க."

போனில் வெங்கடலட்சுமி அம்மாள் சொன்னது அவ்வளவுதான். துப்பறியும் லோகப்பிரியா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவிநாசி ரோட்டில் காரை ஓட்டிக்கொண்டிருந்த உதவியாளன் யாகூப்புக்கு வாய் சும்மா இருக்கவில்லை. உக்கடத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தவன். கடையைவிட லோகப்பிரியாவின் வழக்குகள் சுவாரசியமாக இருந்ததால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு இவளோடு சேர்ந்துகொண்டான்.

"ஏனுங்க மேடம், கேஸு குடுக்கறவங்க எல்லாம் திருடனைப் புடிச்சுக் குடுங்கன்னுதானுங்க கேப்பாங்க. இந்தம்மா திருடனை உட்டுப்போட்டு, திருடாதவனைப் புடிச்சுக் குடுங்கங்குது. இதுக்கு ஃபீஸு பாதியா, முழுசுங்களா?"

"முழுசு. திருடாதவனைப் புடிக்கறதுதான் கஷ்டம்."

விஷயம் இதுதான் கண்ணுகளா. சோமனூரில் வெங்கடலட்சுமி அம்மாளுக்குச் சொந்தமாகத் தறிக் குடோன், அதாவது விசைத்தறிகள் ஓடுகிற கொட்டகை, இருக்கிறது. கணவர் கோபாலசாமி இறந்த பிறகு அதை ஒற்றை ஆளாக நடத்தி வருகிறார். மகள் பூஜிதா சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். தீபாவளிக்காக அவள் போட்டிருந்த அத்தனை டிசைனும் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளுடைய லேப்டாப்பிலிருந்து காணாமல் போய்விட்டன. அன்று அந்த அறைக்கு வந்த வெளியாள் ஒரே ஒருத்தன், அவளிடம் வேலை பார்த்துச் சண்டை போட்டு நின்றுபோன மதன்குமார். தன் சாமான்களை எடுத்துப் போக வந்திருந்தான்; லேப்டாப் அப்போது திறந்தே கிடந்தது.

பூஜிதா முடிவு கட்டிவிட்டாள். இன்று சாயங்காலம் தறிக்காரர் சங்கக் கூட்டம். மேடையேறி அவன் பேரைச் சொல்லப் போகிறாள். சொல்லிவிட்டால் சோமனூரிலிருந்து பல்லடம் வரைக்கும் ஒருத்தரும் அவனை ஒரு கம்ப்யூட்டரைத் தொட விடமாட்டார்கள். பெண்சாதி பிள்ளையோடு அவன் ஊரைவிட்டே போக வேண்டியதுதான்.

வீட்டு வாசலில் அவர்கள் இறங்கியபோது பூஜிதாவும் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். யாகூப் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அம்மணி, எஞ்சின் விளக்கு மஞ்சளா எரியுதுங்களே?"

"அது போன தீபாவளில இருந்து எரியுதுங்க. வண்டி ஓடுதில்ல?" என்று சாவியைச் சுழற்றிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஹாலில் வெங்கடலட்சுமி அம்மாள் காபி கொடுத்தார். இடுப்பில் குடோன் சாவிக்கொத்து. இரும்புச் சாவிகளுக்கு நடுவே சிவப்பாக என்னவோ ஒரு துண்டு தொங்கி ஆடியது. பக்கத்துக் குடோனின் தறிச் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது.

"மதன் நல்ல பையனுங்க. கோவக்காரன், ஆனா..."

மூலையில் இன்வெர்ட்டர் 'கீ கீ' என்று கத்தியது. சிவப்பு விளக்கு. அம்மாள் பேச்சைப் பாதியிலேயே விட்டுவிட்டு எழுந்தார். குனிந்து அதில் எழுதியிருந்ததைப் படித்தார். அலமாரியிலிருந்து கேனை எடுத்து பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினார். விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"...ஆனா திருட்டுப் புத்தி கிடையாதுங்க."

"எங்க ஊட்டுல அது கத்துச்சுன்னா டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சுக்குவோமுங்க" என்றான் யாகூப்.

அம்மாள் சிரிக்கவில்லை. "குடோன்ல அப்படி இருக்க முடியாதுங்க தம்பி. தறில விளக்கு எரிஞ்சா, அது என்ன கேக்குதோ அதைச் செஞ்சு அணைச்சுப்போட்டுத்தான் அடுத்த வேலை."

லோகப்பிரியா காபியைக் குடித்து முடித்து மாடியேறினாள்.

பூஜிதாவின் அறை. மேசைமேல் லேப்டாப். பூஜிதா முதலில் நீட்டியது தன் போனை.

"இங்க பாருங்க. மேடையில சொன்ன கையோட எல்லாத் தறி குரூப்புக்கும் இதை அனுப்பப் போறேன்." அதில் மதன்குமாரின் போட்டோ இருந்தது. கீழே கொட்டை எழுத்தில் 'திருடன்'. "நீங்க எங்கம்மாவுக்காக வந்திருக்கீங்க, பாத்துட்டுப் போங்க. ஆனா அவன் அழறதை நான் பாக்காம விடமாட்டேன்."

"நாளைக்கு அந்த டிசைன் யாருக்குப் போகோணும்?"

"அழகிரிசாமி மாமாவுக்கு. எக்ஸ்போர்ட்டர். எங்க வகையறாவுல பெரிய மனுஷர். நாளைக்கு நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கறதா இருந்துச்சு. அவர் வெளிநாட்டுக்காரன்கிட்ட ஏற்கெனவே வாக்குக் குடுத்துட்டார்."

யாகூப் லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டான். "இதுல டிசைனைத் தறிக்கு எப்படிங்க மாத்துவீங்க?"

"ஸ்கிரீன்ல அந்தக் கறுப்பு ஜன்னலைத் தொறந்து 'நெய்'னு தட்டுவேன். படம் தறிக்கு ஏத்த மாதிரி மாறிடும். வேலை முடிஞ்சா பென் டிரைவைச் சொருகி 'கட்டு'ன்னு தட்டுவேன். எல்லாம் இந்த லேப்டாப் பெட்டியை விட்டு அதுக்குள்ள போயிடும். வெளியூர்ல இருக்கற எங்கண்ணன் எழுதிக் குடுத்த குறுக்குவழிங்க. அதையும் அந்தப் பாவி கெடுத்துப்போட்டான்."

யாகூப் கறுப்பு ஜன்னலைத் திறந்து 'நெய்' என்பதற்கான ஆங்கில எழுத்துகளைத் தட்டினான். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று ஒரு வரி வந்து நின்றது.

"எப்ப இருந்து இப்படி?"

"செவ்வாய்க்கிழமையில இருந்து."

"வேற என்ன மாறியிருக்கு?" என்றாள் லோகப்பிரியா.

பூஜிதா யோசித்தாள். "ஒண்ணுமில்லீங்க. முன்னெல்லாம் இதைத் தொறந்தா மேல இங்கிலீஷ்ல ரெண்டு வரி வந்து நிக்கும். இப்ப காணோம். போய்த் தொலைஞ்சது நல்லதுதான்."

"என்ன வரி?"

"யாரு படிச்சா? இந்த லேப்டாப்பை வாங்கி, பழசுல இருந்த எல்லாத்தையும் இதுக்கு மாத்துன நாள்ல இருந்து நிக்குது."

யாகூப் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். முகத்திலிருந்த விளையாட்டு போய்விட்டது.

"மேடம், இந்தக் கறுப்பு ஜன்னலுக்குள்ள ஒரு மேஸ்திரி இருக்காருன்னு வெச்சுக்குங்க. ஷெல்லும்பாங்க. நாம தட்டறதைக் கேட்டு வேலையை வாங்கிக் குடுக்கறது அவர்தான். பழைய மேஸ்திரி பேரு பேஷ். கம்பெனிக்காரன் அவருக்குப் பதிலா புது மேஸ்திரியைப் போட்டுட்டான். ஆனா பழைய பெட்டியில இருந்து வந்த கணக்குக்குப் பழைய மேஸ்திரியே தொடருவாரு. அதனால ஜன்னலைத் தொறக்கறப்பெல்லாம், 'இப்பப் புது மேஸ்திரிதான் வழக்கம், தயவுசெஞ்சு இந்தக் கட்டளையைத் தட்டி மாத்திக்குங்க'ன்னு ரெண்டு வரி வரும். அந்த ரெண்டு வரியைத்தான் இந்த அம்மணி படிக்காம இருந்துருக்காங்க."

"இப்ப?"

"இப்ப யாரோ அதைப் படிச்சு, சொன்ன மாதிரியே மாத்திட்டாங்க. அறிவிப்பு போயிடுச்சு. ஜன்னலை மூடித் தொறந்ததும் புது மேஸ்திரி வேலைக்கு வந்துட்டாரு. பழையவர்கிட்டச் சொல்லி வெச்சிருந்த 'நெய்'யும் 'கட்டு'ம் புதுசா வந்தவருக்கு எப்படிங்க தெரியும்? முழிக்கறாரு."

லோகப்பிரியா அறையை ஒருமுறை சுற்றி நடந்தாள். "திருட வந்தவன் அவசரத்துல இருப்பான். அவன் எதுக்கு நின்னு நிதானமா மேஸ்திரியை மாத்திட்டுப் போறான்?"

"பீரோவை உடைக்க வந்தவன் ஒட்டடை அடிச்சுட்டுப் போன மாதிரி இருக்குதுங்க" என்றான் யாகூப்.

"மதன் கம்ப்யூட்டர் படிச்சவன். அவனுக்குத்தான் இந்த நோண்டற புத்தி" என்றாள் பூஜிதா.

லோகப்பிரியா தன் போனிலிருந்து மதன்குமாரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"அந்த ரெண்டு வரிங்களா?" என்றான் மதன்குமார். "அங்க வேலை செஞ்ச நாள் பூராவும் அதைப் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். மாத்துனா பூஜிதா அம்மணியோட குறுக்குவழி எல்லாம் நின்னுபோயிடும். அதனாலதான் தொடாம இருந்தேன். தெரிஞ்சவன் எவனும் தொடமாட்டான். அந்தம்மா பக்கத்துலதான் இருக்காங்களா? சொல்லிருங்க, இன்னைக்குச் சாயங்காலம் நானும் சங்கத்துக்கு வாரேன். என்ற மூஞ்சியைப் பாத்து அந்த வார்த்தையைச் சொல்லட்டும். அதுக்கப்புறம் நான் யாருன்னு காட்டறேன்."

போன் அணைந்தது. பூஜிதா போனை முறைத்தாள். "பொய்!"

"இருக்கலாம்" என்றாள் லோகப்பிரியா. "யாகூப், இந்த மேஸ்திரியை மாத்தறதுக்கு அந்தக் கட்டளையை மட்டும் தட்டுனாப் போதுமா?"

"போதாதுங்க. தட்டுனதும் பெட்டிக்குச் சொந்தக்காரரோட பாஸ்வேர்டைக் கேக்கும். விரல் வெச்சா ஒத்துக்காது. எழுத்து எழுத்தாத் தட்டோணும்."

"பெட்டி அன்னைக்குத் தொறந்து கிடந்துச்சு. டிசைனை எடுக்கறது யாரு வேணும்னாலும் செய்யலாம். ஆனா அந்த ரெண்டு வரியை அணைச்சது பாஸ்வேர்டு தெரிஞ்ச ஆளு. பூஜிதா, யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்."

"மதனுக்கு?"

"எப்படித் தெரியும்? நான் விரல் வெச்சுத்தான் தொறப்பேன். எனக்கே பாதி நேரம் ஞாபகம் வராது."

"சரி. யாகூப், பழைய மேஸ்திரியையே திரும்பக் கூப்பிடு. இவங்க 'நெய்' வேலை செய்யட்டும்."

யாகூப் ஒரு வரியைத் தட்டி லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். திரையில் பாஸ்வேர்டு கேட்டு நின்றது. பூஜிதா தட்டினாள். தவறு என்று வந்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு மறுபடி தட்டினாள். மறுபடியும் தவறு. எரிச்சலில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, கழுத்தை மட்டும் மாடிப்படிப் பக்கம் திருப்பிக் கத்தினாள்:

"அம்மா! என்ற லேப்டாப் பாஸ்வேர்டு என்னம்மா?"

தறிச் சத்தத்தைத் தாண்டிக் கீழேயிருந்து உடனே பதில் வந்தது.

"அப்பாவோட மொதத் தறி நம்பரு கண்ணு! அதுக்கப்புறம் உன்ற நட்சத்திரம்!"

பூஜிதாவின் விரல்கள் எழுத்துகளின் மேலேயே நின்றுவிட்டன. யாகூப் மாடிப்படியை எட்டிப் பார்த்தான்.

"எப்பவும் இப்படித்தான் கேப்பீங்களா?" என்றாள் லோகப்பிரியா மெதுவாக.

பூஜிதா தலையை மட்டும் அசைத்தாள்.

"மஞ்ச விளக்கு எரியற காரை ஒரு வருஷமா ஓட்டறவங்க நீங்க. மதன் தெரிஞ்சே தொடாம விட்டவர். ஒரு அறிவிப்பு நின்னா, அது கேக்கறதைச் செஞ்சு அணைச்ச பிறகுதான் அடுத்த வேலைக்குக் கை போகும்ங்கற ஆளு இந்த வீட்டுல ஒருத்தர்தான் இருக்காங்க. கீழ இன்வெர்ட்டருக்குத் தண்ணி ஊத்திட்டு வந்து எனக்குப் பதில் சொன்னாங்க."

படியில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. வெங்கடலட்சுமி அம்மாள் வந்து வாசலில் நின்றார். மூன்று முகங்களையும் பார்த்தார். கத்திச் சொன்ன பதில் எங்கே போய் விழுந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"பேரு வேண்டாம்னு சொன்னேனுங்களே" என்றார் லோகப்பிரியாவிடம்.

"அதனாலதானுங்க அந்தப் பேரைத் தேடுனேன். மதன் செய்யலைன்னு அத்தனை உறுதியா ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருக்க முடியும்."

பூஜிதா எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "மூணு மாசம் கண்ணு முழிச்சுப் போட்டதும்மா! அழிச்சுப்போட்டியா?"

"அழிக்கறதா? தறில நல்லா ஓடற பாவு நூலை எவளாச்சும் அறுப்பாளா?" அம்மாள் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தார். இரும்புச் சாவிகளுக்கு நடுவே அந்தச் சிவப்புத் துண்டு. பென் டிரைவ். "நீ தட்டறதைத்தான் நானும் தட்டினேன். 'கட்டு'ன்னு. எல்லாம் இதுல இருக்கு. மேல ரெண்டு வரி நின்னுட்டு இருந்துச்சு. தயவுசெஞ்சுன்னு வேற கேட்டுது. அதை அப்படியே விட்டுட்டு அடுத்ததைத் தட்ட எனக்கு மனசு வரலை."

"எதுக்கும்மா?"

"அழகிரிசாமிக்கு உன்ற கையால ஒரு நூலு கூடப் போகக்கூடாது."

அம்மாள் சத்தத்தை உயர்த்தவில்லை. அந்தக் குரலைக் கேட்டு யாகூப் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றான்.

"உங்கப்பாவை அதே சங்கத்து மேடையில டிசைன் திருடன்னு சொன்னது யாருன்னு நீ எத்தனையோ தடவ கேட்டிருக்கே. நானும் சொன்னதில்ல, அவனுக்குப் பயந்து ஊரும் சொன்னதில்ல. அவன்தான். திருடுனது அவன். முந்திக்கிட்டு மேடையேறிட்டான். உங்கப்பா அப்ப டீ குடிச்சுட்டு இருந்தாரு. சொன்ன சொல்லைக் கேட்டு டம்ளரைக் கீழ வெக்கக்கூடத் தெரியாம, அதைப் புடிச்சுட்டே ஊடு வரைக்கும் நடந்து வந்தாரு. அதுக்கப்புறம் ஒருத்தனும் வேலை குடுக்கலை. அந்த ஆடி மாசத்தை அவரு தாண்டலை."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் அவனுக்குக் குடுத்தே இருக்கமாட்டேனே!"

"தெரியும். நீ முடியாதுன்னுட்டு வந்திருப்பே. அவன் வேற ஆளைப் பாத்துட்டுப் போயிருப்பான். எனக்கு அது பத்தாது கண்ணு. அவன் ஊரு பூராவும் சொல்லோணும், வெள்ளைக்காரனுக்கு வாக்குக் குடுக்கோணும், வேற வழி இல்லாத அளவுக்கு மாட்டோணும். அதுக்கப்புறம் வெறுங்கையா நிக்கோணும். அதுக்குத்தான் செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுத்துட்டு இருந்தேன்."

"மதன்?"

முதல் முறையாக அம்மாள் கண்ணைத் தாழ்த்தினார். "பெட்டி கெட்டுப்போச்சுன்னு நீ நெனைச்சுக்குவேன்னு இருந்தேன். அந்தப் பையன் அன்னைக்கே வருவான்னு எனக்குத் தெரியாது. நீ அவன் பேரைச் சொல்லிட்டுத் திரியறப்ப எனக்குச் சோறு எறங்கலை. ஆனா நெசத்தைச் சொன்னா, நீ என்ற மேல இருக்கற கோவத்துல இதைப் புடுங்கிட்டுப் போயி அந்த அழகிரிசாமிக்கே குடுத்துருவியோன்னு பயம்."

பூஜிதா தன் போனைப் பார்த்தாள். மதன்குமாரின் போட்டோவுக்குக் கீழே அதே சொல் இருந்தது. அதே சங்கம், அதே மேடை. அவள் அந்தச் சொல்லை அழித்தாள். பிறகு போட்டோவையும் அழித்தாள். பென் டிரைவைக் கொத்திலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டாள்.

"யாருக்குக் குடுக்கப் போறே?" அம்மாள் வாசலை மறித்து நின்றார்.

"சங்கத்துக்குப் போலாம். கிளம்பும்மா."

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அம்மாள் சமையலறைக்குள் போனார். வந்தபோது கைப்பை கனமாக இருந்தது.

சங்கத்து மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் அழகிரிசாமி, கால்மேல் கால் போட்டுக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் வெளிநாட்டு ஆர்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் சுவரோடு சுவராக மதன்குமார், கையைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நின்றான்.

பூஜிதா மைக்கைப் பிடித்தாள்.

"என்ற டிசைனை மதன்குமார் எடுத்துட்டாருன்னு இத்தனை நாளாச் சொல்லிட்டு இருந்தேனுங்க. அவரு எடுக்கலை. நான் சொன்னது பொய்."

"சத்தம் கேக்கலீங்க" என்றான் மதன்குமார் பின்னாலிருந்து. "இன்னொரு தடவ சொல்லுங்க."

தலைகள் எல்லாம் திரும்பின. பூஜிதாவின் முகம் சிவந்தது. இருந்தாலும் மறுபடியும், முன்னைவிடச் சத்தமாகச் சொன்னாள். மதன்குமார் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். மன்னித்துவிட்ட மாதிரி இல்லை. ஆனால் உட்கார இடம் தேடினான்.

"சரியான ஆளுங்க மேடம். ரசீது வாங்கிட்டுத்தான் உக்காருவான் போல" என்று யாகூப் லோகப்பிரியாவின் காதில் முணுமுணுத்தான்.

அழகிரிசாமி சிரித்துக்கொண்டே எழுந்தார். "அது கெடக்குது அம்மணி. டிசைன் கெடச்சுதா, இல்லையா?"

"கெடச்சுருச்சுங்க மாமா." பூஜிதா பென் டிரைவை விரல்களுக்கு நடுவே தூக்கிக் காட்டினாள். "ஒண்ணு விடாம எல்லாம் இருக்குது."

"அப்பாடா!" என்று அவர் கையை நீட்டினார்.

"உங்களுக்கு இல்லீங்க. எங்க குடோன்லயே ஓட்டிக்கறோம். நான் இன்னும் கையெழுத்துப் போடலை பாருங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. "என்ன விளையாட்டு இது? நான் வாக்குக் குடுத்துட்டேன்! இனி வேற டிசைனுக்கு நான் எங்க போறது?"

"தெரியுமுங்க. நீங்க வாக்குக் குடுக்கற வரைக்கும்தான் எங்கம்மா காத்துட்டு இருந்தாங்க."

நாற்காலி வரிசைகளுக்கு நடுவே வெங்கடலட்சுமி அம்மாள் நடந்து வந்துகொண்டிருந்தார். அவசரமே இல்லை. அழகிரிசாமியின் முன்னால் வந்து நின்றார். கைப்பையைத் திறந்து, சங்கத்தின் பேர் வெட்டிய பழைய எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்தார். பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார். அதை அவருடைய நீட்டிய கையில் பத்திரமாக வைத்தார்.

"சங்கத்து டம்ளருங்க" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ரொம்ப மரியாதையாக. "அன்னைக்கு எங்க ஊட்டுக்காரரு தெரியாமக் கொண்டுவந்துட்டாருங்க. எண்ணிப் பாத்து வாங்கிக்குங்க. மறுபடியும் திருடன்னு சொல்லிப்போடாதீங்க."